மாமாவின் கைக்குக் காவல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை முழுவதும் மாமாவின் வலது கையைப் பிடித்தபடி திரிந்தேன். செல்லம் கொஞ்சுவதற்காகப் பிடித்ததல்ல. அது அம்மா எனக்குத் தந்திருந்த காவல் வேலை. அதற்கு முன் எனக்கு வாய்த்த வேலைகள் வெங்காயம் உரிப்பதும் வாசலில் செருப்புகளை அடுக்குவதும்தான் என்பதால், இந்தப் பதவி உயர்வில் பெருமை இருந்தது. பெருமையைவிடப் பயம் அதிகமாக இருந்தது. என் பிடி தளர்ந்தால் மாமாவை இந்த நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். 

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு போட்டில் கடல் தாண்டி வந்து, முகாமில் பல மாதம் இருந்து, முடிவு வரும்வரை தங்குவதற்கான பிரிட்ஜிங் விசாவோடும் ஒரு சின்னப் பையோடும் மெல்பேர்ன் மல்கிரேவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய அகதிக் கேஸ் இன்டர்வியூ இனித்தான் வரவிருந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாது. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருவில் கேட்டால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு யன்னலுக்குப் போவார். வெறுங்கையோடு திரும்பி வந்து அடுப்பைக் கூட்டுவார். அம்மாவின் கறிகள் அந்த வருடம் ஒன்று வேகாமல் இருக்கும், இல்லாவிட்டால் அடிப்பிடித்திருக்கும்.

மாமா அமைதியான மனிதர். வீட்டில் உடைந்துபோன எதையும் திருத்திவிடுவார். அவரிடம் நான் கண்ட ஒரே விசித்திரம், புதுவருடத்துக்குப் பக்கத்து வீட்டார் வாணம் விட்டபோது நடந்தது. நாங்கள் எல்லோரும் பின்வளவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் கராஜில் நின்ற காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை உயர்த்திவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கார் என்றால் உயிர் என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன்.

இனி அப்பாவின் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பிரஷர் குக்கர் விசில் அடித்தாலே திடுக்கிடுகிற ஆள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிற வேலை. அவரை ஒருநாள் ஒஃபிஸ் நண்பர் ஒருவர் பழங்காலத் துப்பாக்கிகளைச் சுடுகிற துவக்குக் கழகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். அந்தத் துவக்கின் வாய்க்குள் வெடிமருந்தைக் கொட்டி, துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, நீளக் கம்பியால் இடித்து இறக்கி, ஒரே ஒரு தரம் சுட்டுவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஊரில் இதற்கு இடியன் என்று பெயர். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிடலாம் என்பதுதான் அப்பாவை மயக்கியது என்று நினைக்கிறேன். இதை வைத்துக்கொண்டு ஒருத்தனும் சண்டை பிடிக்க முடியாது, இது மியூசியத்துச் சாமான் என்பார். துவக்கென்றால் துவக்குத்தான் என்பார் அம்மா.

சட்டப்படி லைசென்ஸ் எடுத்து அப்பா வாங்கிய இடியன், கராஜில் சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. ஞாயிறு பூசைக்கு வருகிற கோயில்காரர் யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று அம்மா அலுமாரியின் மேல் வெள்ளைத்துணி விரித்து மாதா சுரூபம் வைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோசாப்பூவும் வைத்தார். வந்துபோகிற அன்ரிமார் சிலர் அதற்கு முன்னால் நின்று சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்கள். மாமா வீட்டுக்கு வருகிறார் என்றதும் அந்த ஏற்பாடும் அம்மாவுக்குப் போதவில்லை. அகதிக் கேஸ் நடக்கிற பிள்ளை படுக்கிற வீட்டில் துவக்கு இருக்கக் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கழகச் செயலாளரின் வீட்டு இரும்புப் பெட்டிக்கு இடியன் குடிபெயர்ந்தது. மாதா மட்டும் எங்களோடு தங்கினார்.

கழகத்தில் ஆண்டுக்கொரு முறை பெரிய திறந்த நாள் நடக்கும். பழைய காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு தூர இடங்களில் இருந்தெல்லாம் வந்து சுடுவார்கள். தோற்பை, கம்பளி, மருந்துக் கொம்பு விற்கிற கடைகள், சாப்பாட்டு வண்டிகள், கார் நிறுத்த ஒரு புல்வெளி என்று திருவிழாவேதான். அந்த வருடம் கூட்டத்தில் அப்பா கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார் போலிருக்கிறது. தொண்டர்களையும் கடைக்காரரையும் பிடித்து வரும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கழகத்தில் வெள்ளைக்காரர் அல்லாத ஒரே ஆள் அப்பாதான். இது பிழைத்தால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் வெட்கம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதம் நித்திரை இல்லாமல் திரிந்தார்.

தொண்டர்களை அப்பா பூசை முடிந்த பிறகு கோயில் வாசலில் வைத்துத் திரட்டினார். துவக்கென்ற சொல்லை எடுக்காமல் "பழைய காலத்துக் கண்காட்சி ஒண்டு" என்று மட்டும் சொன்னார். கேட்ட அங்கிள்மார் எல்லோரும் "பாப்பம்" என்றார்கள். எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை, பாப்பம் என்றுதான் சொல்வார்கள். இது பத்து வயதில் எனக்கே தெரியும். அப்பாவோ ஒவ்வொரு பாப்பத்தையும் ஒரு ஆளாகக் கணக்கெடுத்துச் செயலாளருக்குச் சொல்லிவிட்டார். கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒவ்வொருவராகப் போன் எடுத்தபோதுதான் ஒருவருக்கு முதுகு நோவு, இன்னொருவருக்கு மாமியார் வருகிறார், மற்றவர் வந்தாலும் கொஞ்சம் பிந்தும் என்று தெரிந்தது. அப்பா போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து தரையைப் பார்த்தார்.

அப்போது மாமா வாய் திறந்தார். "நான் வாறன் அத்தான். சும்மா வீட்டிலதானே இருக்கிறன்."

குசினிக்குள் இருந்து அம்மா வெளியே வந்த வேகத்தில் கையில் அகப்பையும் வந்தது. வேண்டவே வேண்டாம் என்றார். கார் நிறுத்துகிற இடம் சுடுகிற இடத்தில் இருந்து வெகுதூரம், சத்தம்கூடச் சரியாகக் கேட்காது என்று அப்பா சொன்னார். மாமாவோ, ஒன்றும் இல்லை அக்கா, நான் சமாளிப்பேன் என்றார். சாப்பாடு போட்டுப் படுக்க இடம் தந்த அத்தானுக்கு ஒரு உதவி என்று வரும்போது மறுக்க அவருக்கு முடிந்திருக்காது. அம்மாவுக்கு அடுத்த நாள் முதியோர் இல்லத்தில் வேலை, மாற்ற ஆள் இல்லை. அகப்பையோடேயே என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு மாமான்ர கையை விடக்கூடாது. விளங்கிச்சுதோ? வலது கை. சாப்பிடேக்கயும் விடக்கூடாது."

ஏன் என்று கேட்டேன். "இன்டர்வியூ வருகுது. துவக்கோட நிக்கிற மாதிரி ஒரு படம் வந்தால் காணும், எல்லாம் முடிஞ்சுது" என்றார். பிறகு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். சொல்லாமல் என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. இடியன் என்னைவிட உயரமானது, கனமானது. இரண்டு கையும் இல்லாமல் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆகவே ஒரு கை என்னிடம் இருக்கும்வரை மாமா பத்திரம்.

கழகத்தின் சூட்டுக்களம் மெல்பேர்னுக்கு வெளியே, மாடுகள் மேய்கிற மேட்டு நிலத்தில் இருந்தது. நாங்கள் போய் இறங்கியதுமே அப்பாவின் தலையில் முதல் இடி விழுந்தது. இரண்டு நாள் மழையில் தூரத்துப் புல்வெளி சேறாகிக் கிடக்கிறதாம், அதனால் கார்களை எல்லாம் சூட்டுக்களத்தை ஒட்டிய பக்கத்தில் நிறுத்தப் போகிறோம் என்று செயலாளர் சொன்னார். அவர் நெஞ்சுவரை வெள்ளைத் தாடி வைத்து, நரித்தோல் தொப்பி போட்டிருந்தார். ஆள் நல்லவர். தன் வார்த்தை அப்பாவின் முகத்தை ஏன் அப்படி மாற்றியது என்று அவருக்கு விளங்கவில்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா "பரவாயில்லை அத்தான்" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் மின்னுகிற மஞ்சள் மேற்சட்டை கிடைத்தது. என்னுடையது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. காதில் செருகுவதற்குப் பஞ்சு போன்ற அடைப்பான்களும் தந்தார்கள். மாமா என்னுடையதை உருட்டிப் பக்குவமாக என் காதில் வைத்தார். தன்னுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் போடவில்லை என்று கேட்டபோது, "கேக்க வேணும்" என்றார். கார்கள் வரும் சத்தத்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சிவப்புக் கொடி ஏறியது. கொடி மேலே இருந்தால் சுடுவார்கள், கீழே இருந்தால் சுடமாட்டார்கள், அவ்வளவுதான் சட்டம். மாமா இடது கையால் கார்களுக்குச் சைகை காட்டினார். வலது கையில் நான் தொங்கினேன். முதல் வெடி வெடித்தபோது மாமாவின் கை என் கையை அப்படியே நசுக்கியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து என் காதருகே வந்து, இது ஒரு விளையாட்டு என்றார்.

"அந்தத் துவக்கில முதல் பொறி தெரியும். பிறகுதான் சத்தம். பொறி தெரிஞ்ச உடன என்ர கையை இறுக்கு, நானும் இறுக்குறன். ஆர் முதல் எண்டு பாப்பம்."

நல்ல விளையாட்டுத்தான். புகையும் கந்தக மணமும் எங்கள் பக்கமே வந்தன. நான் கண்ணை வெட்டாமல் சுடுகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் ஒரு தரம்கூட வெல்ல முடியவில்லை. ஒருவர் துவக்கைத் தோளுக்கு உயர்த்தும்போதே, பொறியும் இல்லாமல் புகையும் இல்லாமல், மாமா இறுக்கிவிடுவார். இது அளாப்பி விளையாட்டு, கள்ள ஆட்டம் என்று கோபித்துக்கொண்டேன். மாமா சிரித்தார். அவருடைய கை நனைந்து வழுக்கியது. நான் பாவாடையில் என் கையைத் துடைப்பதற்காகக்கூட விடவில்லை. விரலை விரலோடு கோத்துக்கொண்டேன்.

காவலில் உள்ள கஷ்டம் காவல்காரருக்குத்தான் தெரியும். யாராவது போனை உயர்த்தினால் படம் எடுக்கத்தான் என்று நினைப்பேன். மாமாவை இழுத்துக்கொண்டு கார் மறைவுக்குப் போவேன். தொப்பிக்காரர் ஒருவர் தன் துவக்கைத் தோளில் சாய்த்தபடி வழி கேட்க வந்தபோது, நான் இருவருக்கும் நடுவில் போய் நின்று கையை நீட்டி வழி காட்டினேன். மாமா ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அது பிளாஸ்டிக் பெட்டி மாதிரியான தற்காலிகக் கழிப்பறை. நான் கதவருகே அழாக்குறையாக நின்றேன். அவர் யோசித்துவிட்டுத் தன் மஞ்சள் சட்டையின் நீளமான பட்டியைக் கழற்றி ஒரு முனையை உள்ளே பிடித்துக்கொண்டு, மற்ற முனையைக் கதவுக்குக் கீழால் எனக்கு விட்டார். கொடி கீழே இருந்த நேரம் பார்த்துத்தான் போனார். நான் அந்த முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துப் போனவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அப்பாவின் பாடு வேறு. வரமாட்டார்கள் என்று நாங்கள் கைவிட்டிருந்த பாப்பம் அங்கிள்மார், பத்தரை மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். தனியாக இல்லை. அன்ரி, பிள்ளைகள், ஒருவருடைய மாமியார், மடக்குக் கதிரைகள், பாய், பெரிய பெரிய ஐஸ் பெட்டிகள். கண்காட்சி என்று சொன்னதால் சிலர் சேலையும் நகையுமாக வந்திருந்தார்கள். துவக்குச் சத்தம் கேட்டு முதலில் திகைத்தார்கள். இரண்டு பேர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஒரு இடத்துக்கு எங்களைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். பிறகு வந்தது வந்துவிட்டோம் என்று மஞ்சள் சட்டைகளைப் போட்டுக்கொண்டார்கள். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் களை வந்தது.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான் நின்றது. அன்ரிமார் பாயை விரித்து, மீன் ரோல்ஸ், இடியப்பம், சம்பல், கட்லட் எல்லாவற்றையும் திறந்தார்கள். பக்கத்தில் யாராவது நின்றால் கொடுக்காமல் சாப்பிட எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வேட்டைக்காரர் வேஷத்தில் இருந்தவர்கள், கழகத் தலைவர், வழி தவறி வந்தவர் என்று எல்லோர் கையிலும் காகிதத் தட்டு ஏறியது. நூறு பேருக்குக் கொடுத்தாலும் மிஞ்சும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பாட்டு வண்டிகளுக்கு முன்னால் ஒரு குருவி இல்லை.

பர்கர் வண்டிக்காரர் டான்டினோங் பக்கம் கடை வைத்திருந்த முஸ்லிம்காரர், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர். அப்பா வீடுவரை போய்க் கெஞ்சித்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. ஏப்ரனைத் துடைத்தபடி அப்பாவிடம் வந்து, "நீங்க சொல்லித்தானே தம்பி வந்த. இவங்க சும்மா குடுத்தா நான் யாருக்கு விக்கிற?" என்றார். கோப்பி வண்டிக்காரியோ வண்டியைப் பூட்டத் தொடங்கிவிட்டாள். அப்பா பாய்க்கும் வண்டிகளுக்கும் இடையில் ஓடினார். சாப்பாடு கொடுக்கவும் பெர்மிஷன் வேண்டுமோ என்று அன்ரிமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் வழி சொன்னது நானாதான். பாயைத் தன் வண்டிக்குப் பின்னால் மறைவாகப் போட்டுக்கொள்ளட்டும், அது தொண்டர்களுக்கு மட்டும் என்று இருக்கட்டும், பிள்ளைகள் எல்லோரும் தன்னிடம் பர்கர் வாங்கட்டும் என்றார். பிள்ளைகள் காலையில் இருந்து அதற்குத்தான் அழுதுகொண்டிருந்தார்கள். கோப்பிக்காரியிடம் அங்கிள்மார் வரிசையாகப் போய் நின்றார்கள். வண்டி மறுபடி திறந்தது.

மாமாவும் நானும் நானாவிடம்தான் சாப்பிட்டோம். அன்ரி ஒருவர் இடியப்பத் தட்டை நீட்டியபோது மாமா தன் வலது கையையும் அதன் நுனியில் இருந்த என்னையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். இடியப்பத்தை இடது கையால் சாப்பிட முடியாது, பர்கரைச் சாப்பிடலாம். அந்த அன்ரிக்கு மனம் நொந்துவிட்டது. காரணத்தை அவருக்குச் சொல்ல முடியவில்லையே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு துவக்கு வெடிக்க மறுத்தது. சுட்டவர் விசையை இழுத்தார், பொறி பறந்தது, சத்தம் வரவில்லை. உடனே சூட்டுக்களப் பொறுப்பாளர் விசில் அடித்தார். இப்படி நடந்தால் துவக்கை இலக்கை விட்டு அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம், பிந்தி வெடிக்கலாம். வரிசை முழுவதும் நின்றுபோனது. பேசியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வளவு நேரம் இடித்துக்கொண்டிருந்த இடத்தில் மரத்து இலைகள் அசைவது கேட்டது.

எனக்கு அது அலுப்பாக இருந்தது. மாமாவைப் பார்த்தேன். அவர் இலக்கைப் பார்க்கவில்லை, ஆகாயத்தைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இடமா வலமா என்று தெரியாமல் அதன் டிரைவர் கையை விரித்தார். மாமாவின் இடது கை உயரவே இல்லை. வலது கை மட்டும் என் கையை இறுக்கத் தொடங்கியது. இறுக்கியது, மேலும் இறுக்கியது. நகம் உள்ளே போனது. சுடவில்லையே மாமா, இப்போது ஏன் அளாப்புகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. காதில் பஞ்சு இருந்தது எனக்குத்தான், ஆனால் கேட்காமல் போனது அவருக்கு. உதடு மட்டும் அசைந்தது. நெற்றியில் இருந்து வியர்வை மூக்கு வழியாக இறங்கி மஞ்சள் சட்டையில் விழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விடவில்லை.

துவக்கு வெடிக்கவே இல்லை. பொறுப்பாளர் ஏதோ பகிடி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மாமா மெதுவாக மூச்சை விட்டு என்னைக் குனிந்து பார்த்தார். "நொந்திட்டுதோ பிள்ளை?" என்றார். இல்லை என்றேன். காவல்காரருக்கு நோகக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

அப்பாவுக்கு அன்று நல்ல பெயர். தலைவர் முதுகில் தட்டினார், செயலாளர் தன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்தார். பின்னேரம் உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்து படம் எடுக்கிற பெண் ஒருவர் வந்தார். இத்தனை தமிழ்த் தொண்டர்களைக் கண்டதும் அவருக்குப் பரம சந்தோஷம். எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வெறும் துவக்கைக் கொடுத்துப் படம் எடுக்கலாம் என்றார். காலையில் முகத்தைச் சுளித்த அங்கிள்மார்தான் முதலில் ஓடிப்போய்த் துவக்கு வாங்கி மீசையைத் தடவினார்கள். நான் மாமாவை இழுத்துக்கொண்டு நானாவின் வண்டிப் பக்கம் நகர்ந்தேன்.

அப்பா கண்டுவிட்டார். சந்தோஷம் தலைக்கேறினால் அப்பாவுக்கு எதுவும் நினைவில் இருக்காது. "தம்பி, இஞ்ச வாரும். காலமை தொடங்கி நிண்டது நீர்தானே" என்று மாமாவைத் தோளோடு அணைத்து வரிசைக்குக் கொண்டுவந்து, தன்னுடைய சொந்த இடியனை மாமாவின் இடது கையில் கொடுத்தார். அத்தான் தருவதை வாங்காமல் விட மாமாவுக்குத் தெரியவில்லை. வாங்கினார். துவக்கின் அடிக்கட்டை நிலத்தில் ஊன்ற, குழல் அவருடைய முகத்துக்குப் பக்கத்தில் நின்றது.

அம்மா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது.  படக்காரப் பெண் சிரித்துக்கொண்டே என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நான் அசையவில்லை. "கையை விடு பிள்ளை, ஒரு நிமிசந்தானே" என்றார் அப்பா. நான் மாமாவின் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அம்மா சொன்னவ என்று கத்தினேன். அப்பாவின் முகம் மாறியது. நரித்தோல் தொப்பிக்குக் கீழே அவர் திடீரென்று மிகவும் களைத்தவராகத் தெரிந்தார்.

"அத்தான், பிள்ளை சரியாப் பயந்து போனாள். நாங்கள் அங்கால போய் நிக்கிறம்" என்றார் மாமா. இடியனைப் பத்திரமாக அப்பாவிடம் சாய்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நானோ பயந்தது? காலையில் இருந்து ஒரு சொட்டுக்கூடப் பயப்படவில்லை என்று இங்கிலிஷில் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லச் சொல்ல அன்ரிமார் ஐயோ பாவம் என்றார்கள். மாமா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என் மானத்தை விற்றுவிட்டார் என்று பட்டது. என்றாலும் கையை விடவில்லை, கோபத்தோடேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை பத்திரிகையில் படம் வந்தது. அதில் மாமா இல்லை. சில வருடங்கள் கழித்து அவருக்கு விசாவும் கிடைத்தது. இன்டர்வியூவில் அன்றைய நாளைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது கேரம் டவுன்ஸில் சொந்த வீடு, இரண்டு பிள்ளைகள். வாணம் விடுகிற நாட்களில் இன்னும் காருக்குள்தான் இருக்கிறார். இப்போது அவருடைய மூத்தவள் பக்கத்து சீற்றில் இருக்கிறாள்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. பின் சீற்றில் மாமாவின் கையைப் பிடித்தபடி, அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். மாமா துவக்கைத் தொட்டுவிட்டார். இடது கையால்தான், படமும் எடுக்கவில்லைத்தான், ஆனாலும் தொட்டது தொட்டதுதான். அம்மா கேட்டால் மறைக்க முடியாது. கேட்கும்போது அழாமல் சொல்ல வேண்டும் என்று வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா வேலைச் சீருடை மாற்றாமல் வாசலிலேயே நின்றார். "நல்லா இருந்ததக்கா" என்று சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போனார். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கும்வரை அம்மா அசையவில்லை. பிறகு என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கையை விட்டனியோ?"

விடவில்லை என்றேன். கழிப்பறைக்குப் போனபோது மட்டும் பட்டியைப் பிடித்ததைச் சொன்னேன். பிறகு பொறுக்க முடியாமல், கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லத் தொடங்கினேன். மாமா துவக்கைத் தொட்டவர், இடது கைதான், படம் எடுக்கவில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. என் கையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். மாமாவின் நான்கு நகங்களும் நான்கு சிவப்புப் பிறையாகப் பதிந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

"இது எப்ப? சுடேக்கயோ?"

"சுடாம இருக்கேக்க" என்றேன். அதுதான் பெரிய அளாப்பி என்று விளக்கினேன்.

அம்மா கதிரையை இழுத்து இருந்தார். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அதையே கேட்டார். "அப்பவும் விடேல்லைத்தானே?"

"விடேல்லை" என்றேன்.

துவக்கைப் பற்றி அம்மா கடைசிவரை ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தந்த வேலை என்ன என்பதை அம்மா அடியோடு மறந்துபோனார் என்றுதான் நான் அன்று நினைத்தேன்.